நின்றால் ஓடும், புல்லில் இறங்கினால் படுக்கும்: புல்வெட்டி என்ஜினுக்கு இழுவை எங்கே போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம் முடிந்து முதல் மழை விழுந்ததும், பழுது பார்க்கும் கடைகளின் வாசலில் பக்கிகள், அதாவது பின்னால் திறந்த சிறு சுமை வண்டிகள், வந்து நிற்கத் தொடங்கும். பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருப்பது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. இங்கே எல்லோர் வாயிலும் அது ரைட்-ஆன். சாட்ஸ்வொர்த் பள்ளி மைதானத்து வண்டியோ, வெருலம் கோயில் வளாகத்து வண்டியோ, கொண்டுவந்தவர் சொல்லும் குறை மட்டும் மாறாது: “சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகுது அண்ணே. நிற்கும்போது நல்லாத்தான் ஓடுது. பிளேடைப் போட்டுப் புல்லுக்குள் விட்டால்தான் திணறுது.”

‘நிற்கும்போது நன்றாக ஓடுகிறது’ என்ற அந்த ஒரு வரிதான் பலரைத் திசை திருப்புகிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது என்று நம்பி பெல்ட்டை மாற்றுகிறார்கள். இல்லையென்றால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை நேரே புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டும் சில நேரம் பலிக்கும். பலிக்காதபோது கைக்காசு போனதுதான் மிச்சம்.

நின்று ஓடுவது ஏன் சாட்சி ஆகாது

காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், என்ஜினுக்குள் கலவை போகும் வழியைத் திறந்து மூடும் தகடான த்ராட்டில் நேராகத் திறக்கும். புல்வெட்டியில் அப்படி இல்லை. முயல் படமும் ஆமை படமும் போட்ட அந்த நெம்புகோலை முயல் பக்கம் தள்ளும்போது நீங்கள் த்ராட்டிலைத் திறப்பதில்லை. ஒரு ஸ்பிரிங்கை இழுக்கிறீர்கள், அவ்வளவுதான். ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று சொல்லும் கட்டளை அது. அந்த வேகம் பெரும்பாலான வண்டிகளில் நிமிடத்துக்கு 3,000 முதல் 3,600 சுற்றுக்குள் இருக்கும். வேகத்தைக் காப்பாற்றும் வேலை கவர்னருடையது. என்ஜினுக்குள் சுழலும் சிறு எடைகள் வேகம் கூடினால் விரிந்து த்ராட்டிலை மூடும். வேகம் குறைந்தால் சுருங்கும், அப்போது ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கும்.

சுமை இல்லாதபோது முயல் வேகத்தில் ஓடினாலும் த்ராட்டில் தகடு லேசாகத்தான் திறந்திருக்கும். தன்னைத்தானே சுற்றிக்கொள்வதைத் தவிர என்ஜினுக்கு அப்போது வேறு வேலை இல்லை. பிளேடு புல்லில் இறங்கியதும் வேகம் இறங்கப் பார்க்கும், கவர்னர் த்ராட்டிலை அகலத் திறக்கும், ஒரு நொடிக்குள் பெட்ரோலும் காற்றும் பல மடங்கு தேவைப்படும். சத்தம் அழுந்தி, சில நூறு சுற்று குறைந்து, பிறகு நிலைத்தால் அது இயல்பு. நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கோளாறு.

பாதி அடைத்த குழாயிலும் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துவிடலாம். தோட்டத்துக்கு ஓஸ் மாட்டித் திறக்கும்போதுதான் அடைப்பு தெரியும். என்ஜினுக்கும் அதே கதை. பெட்ரோல், காற்று, பிளக்கின் நெருப்பு, சிலிண்டருக்குள் அமுக்கம் என்ற நான்கில் எது பாதியாகக் குறைந்திருந்தாலும் நின்று ஓடும்போது அது ஒளிந்துகொள்ளும். ஆகவே சோதனையைச் சுமையோடு செய்ய வேண்டும். கடை வாசலில் நிறுத்தி உறுமவிட்டுக் காட்டுவதில் பயனில்லை.

கேட்பது அதிகமா, கொடுப்பது குறைவா

என்ஜினைத் தொடுவதற்கு முன் இதைப் பிரித்துவிட வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் பக்கம் வீட்டு முற்றங்களில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல் கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்தது. கொடிபோல் ஓடி ஒன்றின்மேல் ஒன்று பின்னிப் பாய்போல் தடித்துவிடும். மேலே பார்த்தால் பச்சையாக மெத்தென்று இருக்கும். பிளேடுக்கு அது பின்னலை அறுக்கிற வேலை. மூன்று வாரம் விட்டு, மழை ஈரத்தோடு, ஒரே வெட்டில் தரையோடு எடுக்கப் பார்த்தால் நல்ல என்ஜினும் படுத்துவிடும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. வண்டிக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புல் இல்லாத வெற்றுத் தரையில் வண்டியை நிறுத்தி, கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, முயல் வேகத்தில் பிளேடை மட்டும் போடுங்கள். வெட்ட எதுவும் இல்லாதபோதே என்ஜின் திணறினால் பிளேடு பக்கத்தில் ஏதோ பிடிக்கிறது என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிளக் வயரையும் கழற்றி வைத்துவிட்டு, தடித்த கையுறையோடு பிளேடைச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. பிளேடை மூடியிருக்கும் தகரக் கூடான டெக்கின் அடியில் காய்ந்த புல் சாணி வறட்டிபோல் ஒட்டியிருந்தால் வெட்டிய புல் வெளியே போக வழியில்லை, பிளேடு அதையே திரும்பத் திரும்ப அரைக்கிறது. மழுங்கிய பிளேடைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புல் நுனி நேராக அறுபடாமல் நார்நாராகக் கிழிந்து, மறுநாள் பழுப்பாகத் தெரிந்தால் சாணை பிடிக்க நாளாகிவிட்டது.

அடுத்து, பிளேடைப் போடாமல் ஒரு மேட்டில் ஏற்றுங்கள். டர்பனில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. பிளேடு இல்லாமலேயே மேட்டில் திணறினால் டெக் நிரபராதி. ஹேண்ட்பிரேக் முழுதாக விடுபட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு என்ஜினுக்குள் போகலாம்.

எப்போது நின்றது, எப்படி நின்றது

கோளாறு வரும் நேரமும் விதமும் பாதி விடையைச் சொல்லிவிடும். வாடிக்கையாளரிடம் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பதும் இதைத்தான்.

1. பிளேடு புல்லில் பட்ட உடனே, ஒவ்வொரு தடவையும் திணறுகிறது: கார்புரேட்டரில் சுமைக்குப் பெட்ரோல் தரும் துளையான மெயின் ஜெட்டில் அடைப்பு, இரட்டைச் சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமை, அல்லது மேலே சொன்ன டெக் கோளாறு.

2. பத்து, இருபது நிமிடம் ஒழுங்காக வெட்டிவிட்டு மெல்ல மெல்லச் சாகிறது, கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது: டேங்க் மூடியின் காற்றுத் துளை, பெட்ரோல் பம்ப், அல்லது பிளக்குக்கு மின்சாரம் தரும், சூடானால் படுக்கும் காயில்.

3. திணறாமல், சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கிறது: இது மின்சாரக் கோளாறு. குறிப்பாக மேடுபள்ளத்தில் குலுங்கும்போது நின்றால் இருக்கைக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சைப் பாருங்கள். பிளேடு சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தால் என்ஜின் நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. கடலோரக் காற்றில் அதன் முனைகள் பச்சைப் பிடித்திருக்கும். சுத்தம் செய்யலாம், மாற்றலாம். வயரை முறுக்கிச் சுவிட்சை ஏமாற்றி வைப்பது காலை இழக்கும் வழி.

4. எப்போதும் ஓடுகிறது, ஆனால் வெயில் ஏற ஏற இழுவை குறைகிறது: என்ஜின் மேல்மூடியைக் கழற்றுங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்த் தகடுகளின் இடுக்கில் புல் தூள் அடைந்திருக்கும், சில நேரம் எலிக்கூடும் இருக்கும்.

இரண்டாவதில் மூன்று பேர்மேல் சந்தேகம் இருப்பதால் அதை மேலும் பிரிக்க வேண்டும். வண்டி சாகும் அந்த நிமிடமே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி உயிர் பெற்றால் மூடிதான் குற்றவாளி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைத்தால் டேங்கே பெட்ரோலைப் பிடித்திழுத்து வைத்துக்கொள்ளும். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியை முழுக்கத் திறந்து போடாதீர்கள், தளர்த்தினால் போதும். அதிலும் மாற்றம் இல்லையென்றால், ஆறுவதற்குள் பிளக்கில் நெருப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் காயில் சமர்த்தாக நெருப்பு காட்டும், நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். நெருப்பும் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது பம்ப்.

சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள்

ஸ்பேனர் எடுக்காமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு இணை இல்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முயல் வேகத்தில், மிதமான புல்லை வெட்டிக்கொண்டே சோக்கைக் கால்வாசி அல்லது அரைவாசி இழுங்கள். சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும்.

இழுவை கூடினால் என்ஜின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று பொருள். இன்னும் மோசமாகி, கறுப்புப் புகை தள்ளினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், அல்லது காற்று போதவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் கலவையை விட்டுவிட்டு நெருப்பையும் அமுக்கத்தையும் பாருங்கள்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு இழுவை வேண்டும் என்றால் கலவை இன்னும் செழிப்பாக, 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோலாக இருக்க வேண்டும். அதாவது சுமை ஏறும்போது பெட்ரோல் அளவிலும் கூட வேண்டும், விகிதத்திலும் கூட வேண்டும். அடைத்த ஜெட் இரண்டிலும் கை விரித்துவிடும்.

பெட்ரோல் வரும் பாதை

வசந்தத்தில் கடைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் வழக்கு இங்கேதான் முடியும். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, புல் வளர்வதே தெரியாது, வண்டி கொட்டகையில் கிடக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போக, அடியில் பிசின்போல் ஒன்று படியும். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெடத் தொடங்கிவிடும்; மூன்று மாதம் என்பது அதற்கு முதுமை. போதாததற்கு, நம் நாட்டில் பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டால் செவ்வாய்க்கிழமையே கேன் கேனாக நிரப்பி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தக் கேனில் மிஞ்சியதுதான் கடைசியில் புல்வெட்டிக்கு வரும். லிட்டருக்குச் சில சென்ட் மிச்சம், கார்புரேட்டர் கழுவக் கூலி தனி.

பாதையை டேங்கிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். மூடியைப் பார்த்தாயிற்று. அடுத்தது ஃபில்டர், அதை மாற்றுவது மலிவு, யோசிக்கத் தேவையில்லை. பிறகு ரப்பர் குழாய். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்சுவர் உரிந்து வால்வுபோல் அடைத்துக்கொள்வது உண்டு. டேங்க் தாழ்வாக உள்ள வண்டிகளில், என்ஜின் உள்ளழுத்தத் துடிப்பில் வேலை செய்யும் சின்ன டயாஃப்ரம் (சவ்வு) பம்ப் இருக்கும். டயாஃப்ரம் கிழிந்தாலோ விறைத்தாலோ மெதுவாக ஓடும் அளவுக்குத் தரும், அதற்குமேல் தராது. கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, ஆறிய என்ஜினை ஸ்டார்ட்டரால் சில நொடி சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டு, ஆனால் வலுவாகப் பீச்ச வேண்டும். சொட்டினால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. இதைத் திறந்த வெளியில், பிளக் வயரைக் கழற்றி எட்டத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கார்புரேட்டர் வரை எல்லாம் சரி என்றால் கிண்ணத்தைக் கழற்றலாம். உள்ளே இரண்டு வழிகள் இருக்கின்றன. மெதுவாக ஓடுவதற்கு ஒரு சின்ன ஜெட், சுமைக்கு மெயின் ஜெட். வண்டி நின்று ஓடும்போது நன்றாக இருந்ததற்கும் புல்லில் படுத்ததற்கும் காரணம் இந்தப் பிரிவினைதான். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை நிலாபோல் தெரிந்தால் பிசின் ஒட்டியிருக்கிறது. கம்பியோ ஊசியோ போட்டுக் குத்தாதீர்கள், பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, தூண்டில் நரம்பு ஒரு துண்டு விட்டு எடுத்து, காற்று அடியுங்கள். டர்பனில் தூண்டில் நரம்பு இல்லாத கொட்டகை குறைவு.

கிண்ணத்தின் அடியில் வயர் போகும் ஒரு சிறு உருளை இருந்தால் அது பெட்ரோலை நிறுத்தும் சோலனாய்டு. சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி வர வேண்டும். முழுதாக உள்ளே இழுக்காவிட்டால் அதன் முனை மெயின் ஜெட்டை மறைக்கும்.

காற்றுக் கசிவையும் பலர் சந்தேகிப்பார்கள். ஆனால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே கேஸ்கெட் கசிந்தால் அது சுமையில்லாத ஓட்டத்தைத்தான் அதிகம் கெடுக்கும், ஏனென்றால் உறிஞ்சும் விசை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆமை வேகத்தில் சீராகவும் சுமையில் மட்டும் மோசமாகவும் ஓடும் வண்டியில் கசிவு பட்டியலின் கடைசியில் இருக்கட்டும்.

காற்றும் நெருப்பும்

காற்றில் பேச அதிகம் இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு தூசி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் வெட்டிப் பாருங்கள். இழுவை வந்தால் ஃபில்டரை மாற்றுங்கள். சைலன்சரின் வாயையும் எட்டிப் பாருங்கள். குளவி மண்கூடு கட்ட இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

நெருப்பு கொஞ்சம் நுட்பமானது. சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு பிளக் இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். த்ராட்டில் அகலத் திறக்கும்போது உள்ளே நிரம்பும் கலவை அதிகம், அழுத்தமும் அதிகம். வெளியே கழற்றிப் பார்த்தால் நீலமாகத் தெறிக்கும் அதே பிளக், உள்ளே சுமையில் தோற்பது இதனால்தான். பல என்ஜின்களில் இடைவெளி 0.76 மி.மீ. தேய்ந்து அகன்ற பிளக்கை மாற்றிவிட வேண்டும். நல்ல சுமையில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி பிளக்கைக் கழற்றினால் அது பேசும்: இளம்பழுப்பு என்றால் சரி, காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் எரிகிறது.

இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஒன்று செத்திருந்தாலும் மற்றது நின்ற ஓட்டத்தைத் தாங்கிவிடும். இழுவை மட்டும் பாதி அளவுக்கும் கீழே போய்விடும், உயிருள்ளது செத்ததையும் சேர்த்துச் சுமப்பதால். கண்டுபிடிக்கக் கொஞ்சம் தண்ணீர் போதும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு பக்கப் புகைக்குழாயின் அடியிலும், சிலிண்டரை ஒட்டி, ஒவ்வொரு சொட்டு தெளியுங்கள். ஒன்றில் தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுரீரென்று ஆவியாகி, மற்றதில் வழிந்து ஓடினால் வழிந்த பக்கம் வேலை செய்யவில்லை.

பிளேடு கல்லில் மோதியதால் ஃப்ளைவீலை என்ஜின் தண்டோடு பொருத்தி வைக்கும் சிறு சாவி வெட்டுப்பட்டு, பிளக்கில் நெருப்பு விழும் நேரம் மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பிளேடு நேரே என்ஜின் தண்டில் மாட்டியிருக்கும் தள்ளு வண்டிக்கு அது சரி. ரைட்-ஆனில் நடுவே பெல்ட் இருப்பதால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். நடக்காது என்று இல்லை, அபூர்வம்.

அமுக்கம்

மேலே எல்லாம் சரி என்றால்தான் இங்கே வர வேண்டும். முதலில் செய்ய வேண்டியது வால்வு இடைவெளி சரிபார்ப்பது. ஆறிய என்ஜினில் பெரும்பாலும் 0.1 மி.மீ.யைச் சுற்றி இருக்கும், சரியான எண் வண்டிக் கையேட்டில். இடைவெளி இல்லாமல் இறுகிப்போனால் சூடாகும்போது வால்வு முழுதாக மூடாது, சூடு ஏற ஏற இழுவை கரையும். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை நம்பி என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றட்டும் என்று கேம் தண்டே கொஞ்சம் அமுக்கத்தை வெளியேற்றும்படி இந்த என்ஜின்களில் ஏற்பாடு உண்டு, அதனால் நல்ல என்ஜினும் குறைவாகக் காட்டும். காற்றை உள்ளே ஏற்றிக் கசிவை அளக்கும் சோதனையே இதற்குப் பொருந்தும்.

ஒன்றும் பிடிபடவில்லை என்று கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். சத்தம் கூடும், இழுவை கூடாது. பிளேடு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 96 மீட்டர். அதைத் தாண்டிச் சுழலும் பிளேடு ஒரு கல்லைத் தட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜோபர்க் வண்டி, டர்பன் வண்டி

எல்லாம் சோதித்தும் புரியாத சில வண்டிகளுக்கு விடை ஊரில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலியும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் என்ஜின் சக்தியில் ஏறக்குறைய 3.5 சதவீதம் போகும். ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் உறவினரின் 20 குதிரைத்திறன் வண்டி அங்கே 16 குதிரையளவுதான் இழுக்கும், எந்தக் கோளாறும் இல்லாமலேயே. மெலிந்த காற்றுக்குக் கடலோர ஜெட் பெட்ரோலை அதிகமாகவும் கொட்டும்: கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 1,500 மீட்டருக்கு மேல் சிறிய ஜெட் மாட்டச் சொல்கிறார்கள்.

இப்போது அதே வண்டியை விலைக்கு வாங்கி பக்கியில் ஏற்றி டர்பனுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? காற்று அடர்த்தி கூடிவிட்டது, ஜெட் மட்டும் சிறியதாகவே இருக்கிறது. நின்று ஓடும், புல்லில் இறங்கினால் வேகம் ஏறி இறங்கி, சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சரியாகும். ஜெட் அடைத்த வண்டிக்கு உரிய அத்தனை அடையாளமும் இருக்கும், கழற்றிப் பார்த்தால் ஜெட் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் தீராது. கடலோர அளவு ஜெட் மாற்ற வேண்டும், தாமதிக்காமல். பெட்ரோல் குறைந்த கலவையில் சுமை இழுக்கும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி வால்வைக் கருக்கிக்கொள்ளும்.

பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைப் பற்றியும் இந்த இடத்தில் குழப்பம் வரும். உள்நாட்டில் 93 பரவலாகப் போடுவார்கள், கடலோரத்தில் 95. உயரத்தில் சிலிண்டர் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே 93 போதும். 95 போட்டால் புல்வெட்டி கூடுதலாக இழுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. பெரும்பாலான கையேடுகள் கேட்பது, நம் பம்புகளில் எழுதியிருக்கும் அதே கணக்கில், 91தான்.